சிக்னல் ஃபுல்லா இருக்கு... நெட் ஏன் நகரல? 64 ஆன்டெனா டவரின் கணக்கும், பொள்ளாச்சிக்காரரின் கண்டுபிடிப்பும்!

போனில் சிக்னல் கோடுகள் எல்லாம் நிரம்பி இருக்கும். பக்கத்திலேயே 5ஜி என்றும் காட்டும். ஆனால் சேப்பாக்கம் கேலரியில் உட்கார்ந்து ஒரு சின்ன வீடியோவை அனுப்பிப் பாருங்கள், வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். தீபாவளிக்கு முந்தைய நாள் கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டிலும் இதே கதைதான். டவர் கண்ணுக்கு எதிரிலேயே நிற்கிறது. அப்புறம் என்ன பிரச்னை?

அந்தக் கோடுகள் சொல்வது டவரின் சத்தம் உங்கள் காதில் எவ்வளவு பலமாக விழுகிறது என்பதை மட்டும்தான். அந்த டவரின் அலைக்கற்றையை உங்களோடு சேர்த்து எத்தனை பேர் பங்கு போடுகிறார்கள் என்பதை அவை சொல்வதில்லை. ஸ்பீடைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்தப் பங்குதான்.

பங்கைப் பெரிதாக்க இன்ஜினீயர்கள் பிடித்த வழி, ஒரு ஆன்டெனாவுக்குப் பதில் பல ஆன்டெனாக்களை வைப்பது. 'மல்டிபிள் இன்புட் மல்டிபிள் அவுட்புட்' என்பதன் சுருக்கமாக இதற்கு மைமோ என்று பெயர். 4ஜி, 5ஜி, வீட்டு வைஃபை மூன்றிலும் ஓடுவது இதுதான். இதில் எது நன்றாக வேலை செய்கிறது, எங்கே சொதப்புகிறது, டவரின் கரன்ட் பில்லை என்ன செய்கிறது? விரிவாகப் பார்ப்போம்.

பவரைக் கூட்டினால் போதாதா?

'அலைக்கற்றை' என்ற சொல்லைத் தமிழ்நாட்டில் டீக்கடை பெஞ்ச் வரை கொண்டுபோய்ச் சேர்த்தது 2ஜி விவகாரம். அது காற்றில் போட்ட ரோடு மாதிரி. அகலம் குறைவு, விலை அதிகம். 2022 ஆகஸ்ட் 1-ம் தேதி முடிந்த 5ஜி ஏலத்தில் சுமார் 1.5 லட்சம் கோடி ரூபாய்க்கு அலைக்கற்றை போனது. அந்தப் பணம் கடைசியில் நம் ரீசார்ஜில் இருந்துதான் வரவேண்டும். அதனால், வாங்கிய ஒவ்வொரு ஹெர்ட்ஸிலும் ஒரு நொடிக்கு எத்தனை பிட் தள்ள முடிகிறது என்பது கம்பெனிக்கு மட்டுமல்ல, நமக்கும் முக்கியமான கேள்வி.

இதற்கு ஒரு உச்ச வரம்பு இருக்கிறது என்று 1948-லேயே கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார் அமெரிக்காவின் பெல் லேப்ஸில் இருந்த கிளாட் ஷானன். அவருடைய சூத்திரப்படி, சிக்னல் இரைச்சலைவிட 100 மடங்கு பலமாக இருந்தால் ஒரு ஹெர்ட்ஸில் நொடிக்கு சுமார் 6.7 பிட் அனுப்பலாம். சரி, பவரை இரட்டிப்பாக்கினால்? 7.7 பிட்தான். கரன்ட் செலவு இரண்டு மடங்கு, கிடைத்த லாபம் ஒரே ஒரு பிட்!

அதே பழைய பவரைப் பாதிப் பாதியாகப் பிரித்து, ஒன்றோடொன்று கலக்காத இரண்டு தனிப் பாதைகளில் அனுப்ப முடிந்தால் என்ன ஆகும்? ஒவ்வொன்றிலும் சுமார் 5.7, மொத்தம் 11.3 பிட். கூடுதல் பவர் கிடையாது, கூடுதல் அலைக்கற்றையும் கிடையாது. மைமோவின் மொத்தக் கவர்ச்சியும் இந்த ஒரு கணக்கில் இருக்கிறது.

ஆனால் இரண்டும் ஒரே அலைவரிசை, ஒரே நேரம், ஒரே காற்று. கலக்காமல் எப்படி இருக்கும்? கலக்கத்தான் செய்யும். கலந்ததைப் பிரிப்பதுதான் வித்தை.

டீக்கடை பில்லில் இருக்கும் வித்தை

ஒரு டேபிளில் 2 டீ, 1 வடை. பில் 40 ரூபாய். அடுத்த டேபிளில் 1 டீ, 3 வடை. பில் 45 ரூபாய். டீ என்ன விலை, வடை என்ன விலை? பத்தாம் வகுப்புக் கணக்குதான். டீ 15, வடை 10. விலைகள் பில்லுக்குள் கலந்துதான் இருந்தன. ஆனால் இரண்டு பில்லிலும் கலந்த விகிதம் வேறு வேறு. அதனால் பிரித்துவிட்டோம்.

டவரின் இரண்டு ஆன்டெனாக்கள் அனுப்பும் இரண்டு தகவல்களை டீயும் வடையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். போனில் இருக்கும் இரண்டு ஆன்டெனாக்களும் ஆளுக்கொரு பில்லைப் பெறுகின்றன. சுவர், பஸ், மரம், எதிர்வீட்டு மாடி என்று அலை எங்கெங்கோ மோதித் திரும்பி வருவதால் இரண்டு ஆன்டெனாவிலும் கலவை ஒரே மாதிரி இருக்காது. போனில் இருக்கும் சிப் கணக்குப் போட்டுப் பிரித்துவிடும். அதாவது, இத்தனை நாள் 'சிக்னலைக் கெடுக்கிறது' என்று திட்டிக்கொண்டிருந்த கட்டடங்கள்தான் இங்கே உதவிக்கு வருகின்றன.

இதன் மறுபக்கத்தையும் பார்த்துவிடுவோம், ஏனென்றால் பின்னால் வரும் எல்லா சிக்கலுக்கும் வேர் இதுதான். இரண்டாவது பில் '4 டீ, 2 வடை, 80 ரூபாய்' என்று இருந்தால்? முதல் பில்லையே இரண்டு முறை படித்த மாதிரி. பிரிக்கவே முடியாது. இப்போது கொஞ்சம் மட்டும் வித்தியாசப்படும் பில்களை எடுங்கள். 20 டீ, 10 வடை 400 ரூபாய். 21 டீ, 10 வடை 415 ரூபாய். விடை சரியாகவே வரும். ஆனால் கடைச் சத்தத்தில் 415 என்பது 420 என்று காதில் விழுந்துவிட்டால், டீ 20 ரூபாய், வடை இலவசம் என்று கணக்கு வரும்! 5 ரூபாய்ப் பிழை மொத்தத்தையும் கவிழ்த்துவிட்டது. முதல் உதாரணத்தில் இதே 5 ரூபாய்ப் பிழை நடந்திருந்தால் டீ 14, வடை 12 என்றுதான் வந்திருக்கும்.

பாதைகள் எவ்வளவு வேறுபடுகின்றனவோ, அந்த அளவுக்கு மைமோ பலன் தரும். பாதைகள் ஒத்துப்போனால் இரைச்சலே விடையைத் தின்றுவிடும்.

சோனாரில் தொடங்கிய பொள்ளாச்சிக்காரர்

இந்த யோசனைக்கு முதன்முதலில் காப்புரிமை வாங்கியவர் நம்ம ஊர்க்காரர். 1944-ல் பொள்ளாச்சியில் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ். பதின்ம வயதிலேயே இந்தியக் கடற்படைப் பயிற்சிக்குப் போனவர். டெல்லி ஐஐடி-யில் முனைவர் பட்டம் பெற்றதும் கடற்படையில் இருந்தபடியேதான்.

1971 டிசம்பர் 9-ம் தேதி, பாகிஸ்தான் நீர்மூழ்கிக் கப்பலின் தாக்குதலில் ஐஎன்எஸ் குக்ரி மூழ்கியது. அதன் பிறகு, நீருக்கடியில் வரும் எதிரியைச் சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கும் சோனார் கருவியை மேம்படுத்தும் பொறுப்பு பால்ராஜிடம் வந்தது. அவர் தலைமையில் உருவான 'அப்சோ' என்ற உள்நாட்டு சோனார் 1980-களில் கடற்படைக் கப்பல்களில் ஏறியது. சோனாரும் ஒரு பல காது விவகாரம்தான். வரிசையாக வைத்த பல மைக்குகளில் சத்தம் எந்த நேர வித்தியாசத்தில் விழுகிறது என்று பார்த்துத்தான் திசையைக் கண்டுபிடிக்கிறார்கள். கடலுக்கு அடியில் பழகிய இந்தக் கணக்கு பிறகு காற்றுக்கு வந்தது.

கடற்படையில் கமடோராக ஓய்வு பெற்று 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் போன பால்ராஜ், அங்கே தாமஸ் கைலாத்துடன் சேர்ந்து 1992-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1994-ல் கிடைத்தது. அதை ஒட்டி பெல் லேப்ஸில் எம்ரே டெலாட்டார் 1995-லும், ஜெரார்டு ஃபோஷினி 1996-லும் கணக்கை உறுதியாக நிறுவினார்கள். அனுப்பும் பக்கம், வாங்கும் பக்கம் இரண்டில் எதில் ஆன்டெனா குறைவோ, அந்த எண்ணிக்கைக்கு ஏற்ப வேகத்தின் வரம்பு கூடும் என்பதுதான் அதன் சாரம்.

பால்ராஜ் 1998-ல் தொடங்கிய அயோஸ்பான் நிறுவனத்தை 2003-ல் இன்டெல் வாங்கியது. 2009-ல் வந்த 802.11என் தரநிலை மூலம் மைமோ வீட்டு வைஃபைக்குள் நுழைந்தது. 2010-ல் பத்ம பூஷண், 2014-ல் தொலைத்தொடர்புத் துறையின் பெரிய விருதான மார்க்கோனி பரிசு என்று கௌரவங்கள் அவருக்கு வந்தன. இருந்தாலும், 5ஜி பற்றி இவ்வளவு பேசும் நம்மிடம் இவர் பெயர் தெரிந்தவர்கள் குறைவு என்பது கொஞ்சம் வருத்தம்தான்.

2-ல் இருந்து 64-க்கு

மேலே சொன்ன விதியில் ஒரு முட்டுக்கட்டை இருக்கிறதே, கவனித்தீர்களா? டவரில் எத்தனை ஆன்டெனா வைத்தாலும் போனில் நாலுதான் என்றால் ஒரு போனுக்கு நாலு ஸ்ட்ரீமுக்கு மேல் போகாது. 2010-ல் பெல் லேப்ஸின் தாமஸ் மார்செட்டா இதை வேறு கோணத்தில் பார்த்தார். ஒரு போனுக்குப் பல ஸ்ட்ரீம் என்பதை விடுங்கள். டவரில் ஆன்டெனாக்களை ஏராளமாக வைத்து, பல போன்களுக்கு ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் அனுப்புவோம் என்றார். இதுதான் 'மாஸிவ் மைமோ'.

தேர் வடத்தை 64 பேர் பிடித்தாலும், ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் தேர் அசையாது. ஒரே மூச்சில் இழுத்தால்தான் நகரும். 64 ஆன்டெனாக்களும் ஒரே தகவலை, துளித்துளி நேர வித்தியாசத்தில் அனுப்புகின்றன. அந்த வித்தியாசம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்றால், எல்லா அலைகளும் உங்கள் போன் இருக்கும் இடத்தில் ஒரே தாளத்தில் வந்து சேரவேண்டும். மற்ற இடங்களில் ஒன்றை ஒன்று அடித்துக்கொள்ளவேண்டும். மொத்தப் பவர் அதேதான், ஆனால் உங்களிடம் வந்து சேரும் பலம் கோட்பாட்டளவில் ஒற்றை ஆன்டெனாவைவிட 64 மடங்கு வரை போகலாம். இதை 'பீம்' என்கிறார்கள். டார்ச் அடிப்பது மாதிரி என்று எல்லோரும் விளக்குவார்கள். ஆனால் நகரத்துக்குள் இது நேர்க்கோட்டு வெளிச்சம் கிடையாது. சுவரில் பட்டு வரும் பாதைகளையும் சேர்த்துக் கூட்டிக்கொள்ளும்.

இந்தியாவில் 2022 அக்டோபர் 1-ம் தேதி 5ஜி தொடங்கியபோது பெரு நகரங்களில் இதை அதிகம் பார்க்க முடிந்தது 3.5 கிகாஹெர்ட்ஸ் பேண்டில்தான். அதற்குக் காரணம் அளவு. ஆன்டெனாக்களை அரை அலைநீள இடைவெளியில் வைப்பது வழக்கம். இந்த பேண்டில் அது சுமார் 4.3 சென்டிமீட்டர். 8-க்கு 8 என்று அடுக்கினாலும் ஒரு சின்னப் பலகைக்குள் அடங்கிவிடும். 700 மெகாஹெர்ட்ஸில் இடைவெளி சுமார் 21 சென்டிமீட்டர். அதே 64 ஆன்டெனாவுக்கு ஆள் உயரத்துக்கு 1.7 மீட்டர் சதுரப் பலகை வேண்டும். காற்றடிக்கும் டவர் உச்சியில் அதை மாட்டுவது சாத்தியமில்லாத வேலை. சுவர் தாண்டி வீட்டுக்குள் வருவதில் 700 கில்லாடி. ஆனால் கூட்டத்தைச் சமாளிப்பது 3.5-ன் வேலை.

நீங்கள் இருக்கும் இடம் டவருக்கு எப்படித் தெரியும்?

உங்கள் போனே சொல்கிறது. போன் அவ்வப்போது 'பைலட்' என்ற ஏற்கெனவே பேசிவைத்த ஒரு சிக்னலை அனுப்பும். அது 64 ஆன்டெனாக்களிலும் எப்படி எப்படி வந்து விழுகிறது என்று பார்த்து, பாதையை டவர் தெரிந்துகொள்ளும். இந்த 5ஜி பேண்டில் போக, வர இரண்டுக்கும் ஒரே அலைவரிசையை நேரம் பிரித்துப் பயன்படுத்துகிறார்கள். அதனால் வந்த பாதையையே திருப்பிப் போட்டால் போகும் பாதை கிடைத்துவிடும்.

திறமையைக் கூட்டுவதா, குறைப்பதா என்ற இழுபறி இங்கேதான் தொடங்குகிறது. பைலட் அனுப்பும் நேரத்தில் டேட்டா போகாது. அடிக்கடி அனுப்பினால் டேட்டாவுக்கு நேரம் குறையும். எப்போதாவது அனுப்பினால் தகவல் பழசாகிவிடும். எவ்வளவு சீக்கிரம் பழசாகும் தெரியுமா? போன் அரை அலைநீளம், அதாவது அந்த 4.3 சென்டிமீட்டர் நகர்ந்தாலே பாதைக் கணக்கு கிட்டத்தட்ட மாறிவிடும். நடந்து போகிறவருக்கு இதற்கு சுமார் 30 மில்லிசெகண்ட் ஆகும். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பைக்கில் 2.6 மில்லிசெகண்ட். 100 கிலோமீட்டர் வேக ரயிலில் 1.5 மில்லிசெகண்ட். ரயிலில் போகும்போது 5ஜி தடுமாறுவதற்கு டவர் தூரமாக இருப்பது மட்டுமே காரணம் இல்லை. டவர் குறிபார்த்து அனுப்புவதற்குள் நீங்கள் அந்த இடத்தில் இல்லை.

போனின் குரல் மெலிசு என்பது இன்னொரு தொல்லை. போன் அனுப்பும் பவர் வழக்கமாக 0.2 வாட் அளவுதான். டவர் எல்லையில் இருந்தால் பைலட் இரைச்சலில் மூழ்கிவிடும். டவரின் குரல் உங்களுக்குக் கேட்கும், உங்கள் குரல் டவருக்குச் சரியாகக் கேட்காது. பாதை தெரியாமல் 64 ஆன்டெனா இருந்து என்ன பயன்?

பைலட் சிக்னல்களின் எண்ணிக்கையும் அளவானது. அதனால் பக்கத்து டவர்களும் அதே பைலட்டுகளைத் திரும்பப் பயன்படுத்துகின்றன. பள்ளிக்கூடத்தில் தட்டிக்கு இந்தப் பக்கம் ஒரு வகுப்பு, அந்தப் பக்கம் ஒரு வகுப்பு. இரண்டிலும் ஒரே நேரத்தில் அட்டெண்டன்ஸ். 12-ம் நம்பரைக் கூப்பிட்டதும் இரண்டு பக்கமும் 'உள்ளேன் ஐயா' என்று குரல் வந்தால் வாத்தியார் யாருக்கு டிக் போடுவார்? டவரும் இப்படித்தான் குழம்பி, உங்களுக்கான பீமில் ஒரு பகுதியைப் பக்கத்து ஏரியா போனுக்கும் திருப்பிவிடும். அங்கே அது இடைஞ்சல். ஆன்டெனாவை எத்தனை கூட்டினாலும் தீராத பிரச்னை இது என்று மார்செட்டாவே 2010-ல் எழுதினார். டவர்கள் எளிமையான கணக்கையே போட்டுக்கொண்டிருந்தால் அது உண்மைதான். ஆனால் இரண்டு 'உள்ளேன் ஐயா'வும் வரும் திசையின் சாயல் வேறு வேறு. அதையும் சேர்த்துப் பயன்படுத்தும் நுட்பமான கணக்கைப் போட்டால் இந்த முட்டுச்சுவர் இருக்காது என்று எமில் பியோர்ன்சன் உள்ளிட்டோர் 2018-ல் நிறுவினார்கள். சிப்புக்கு வேலை அதிகம் என்பதுதான் அதற்கான விலை.

கரன்ட் பில் யார் கட்டுவது?

தலைப்புச் செய்திகளில் ஸ்பீடு வரும், மின்சாரம் வராது. ஆனால் கம்பெனிகள் நிஜமாகவே கவலைப்படுவது இதைப் பற்றித்தான். கரன்ட் போனால் பல டவர்கள் டீசலில் ஓடுகிற நாடு இது.

கோட்பாடு இனிக்கிறது. டவரில் ஆன்டெனா கூடக்கூட, போன் அனுப்ப வேண்டிய பவரைக் குறைத்துக்கொண்டே போகலாம். பைலட்டை நம்பித்தான் பாதையைக் கணிக்கிறோம் என்றாலும், ஆன்டெனா எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் குறைக்கலாம் என்கிறது 2013-ல் வந்த ஒரு ஆய்வு. 64 என்றால் 8-ல் ஒரு பங்கு. போன் பேட்டரிக்கு நல்ல சேதி.

டவர் பக்கம் கதை வேறு. ஒவ்வொரு ஆன்டெனாவுக்கும் பின்னால் ஒரு ஆம்ப்ளிஃபயர், சிக்னலை டிஜிட்டலாக மாற்றும் ஒரு கருவி, பிறகு எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போடும் சிப் இருக்கின்றன. அலையே அனுப்பாவிட்டாலும் இவை கரன்ட் குடிக்கும். ஆம்ப்ளிஃபயருக்குள் போகும் மின்சாரத்தில் ஒரு பகுதிதான் அலையாக வெளியே வரும், மீதி சூடு. ஆகவே ஒரு கட்டத்துக்கு மேல் ஆன்டெனா கூட்டினால் ஸ்பீடு ஏறும், ஆனால் ஒரு பிட்டுக்கு ஆகும் மின்செலவும் ஏற ஆரம்பித்துவிடும். 64-ஐ எல்லா ஊரிலும் மாட்டாமல், நெரிசல் இல்லாத இடங்களில் 32 அல்லது 8 என்று நிறுத்துவது கஞ்சத்தனம் இல்லை, கணக்கு.

இதைக் குறைக்கும் வழிகளில் எனக்கு மிகவும் நியாயமாகப் படுவது தூங்க வைப்பதுதான். ராத்திரி 3 மணிக்கு டி.நகர் டவரில் 64 ஆன்டெனாவும் விழித்திருக்கத் தேவையில்லை. பாதியை அணைத்துவிடலாம். 4ஜி டவர் யாருமே இல்லாவிட்டாலும் ஒவ்வொரு மில்லிசெகண்டும் தன் அடையாள சிக்னலை அனுப்பிக்கொண்டே இருக்கும். 5ஜி-யில் அந்த அழைப்பு வழக்கமாக 20 மில்லிசெகண்டுக்கு ஒருமுறைதான். இடைப்பட்ட நேரத்தில் ஆம்ப்ளிஃபயர் குட்டித் தூக்கம் போடலாம். டிஜிட்டல் மாற்றும் கருவியின் துல்லியத்தைக் குறைப்பது இன்னொரு வழி. ஒவ்வொரு பிட் துல்லியத்துக்கும் அதன் மின்செலவு கிட்டத்தட்ட இரட்டிப்பாகும் என்பதால் இதில் மிச்சம் நிறைய. நூறு பேர் ஒரே வார்த்தையைத் தோராயமாகக் கேட்டாலும் சேர்த்துப் பார்த்தால் சரியான வார்த்தை கிடைத்துவிடும் அல்லவா, அந்த நம்பிக்கையில் செய்வது.

அப்படியென்றால் சேப்பாக்கத்தில் ஏன்?

இப்போது டீக்கடை பில்லுக்குத் திரும்புவோம். கேலரியில் நீங்களும் பக்கத்து சீட்காரரும் தோளோடு தோள் உரசி உட்கார்ந்திருக்கிறீர்கள். தூரத்து டவரில் இருந்து பார்த்தால் உங்கள் இருவரின் பாதையும் கிட்டத்தட்ட ஒன்று. 20 டீ, 21 டீ கதை. உங்கள் பீம் அவர் மேல் விழாமல் தடுக்க டவர் பெரும் பவரைச் செலவழிக்க வேண்டியிருக்கும். அதைவிட உங்களுக்கு இந்த நொடி, அவருக்கு அடுத்த நொடி என்று முறை வைப்பதே லாபம். டவரும் அதைத்தான் செய்கிறது. பக்கத்தில் இருப்பவர்களை வேறு வேறு நேரத்திலும், எதிர் எதிர் கேலரியில் இருப்பவர்களை ஒரே நேரத்திலும் சேர்த்துவிடும். 64 ஆன்டெனா டவர் ஒன்றில் ஒரே நேரத்தில் 16 ஸ்ட்ரீம் வரை தாங்கும் கருவிகள் சந்தையில் இருக்கின்றன. மைதானத்தில் இருப்பவர்கள் பல்லாயிரம். முறை வரும் வரை வட்டம் சுற்றும்.

இதற்காகத்தான் மைதானங்களில் கூரைக்கு அடியிலேயே நிறைய சின்ன ஆன்டெனாக்களைப் பிரித்து மாட்டுகிறார்கள். ஒரே டவரில் எல்லாவற்றையும் குவிக்காமல், தெரு முழுக்க ஆன்டெனாக்களைச் சிதறவிட்டு, எல்லாம் சேர்ந்து ஒரே டவர் போல இயங்கும் 'செல் ஃப்ரீ' முறையும் ஆய்வில் இருக்கிறது. 2017-ல் இருந்து பேசப்படும் இதற்கு 6ஜி விவாதங்களில் முக்கிய இடம் உண்டு. ஆன்டெனாக்களை எல்லாம் ஒரே நேரக் கணக்கில் வைத்திருப்பதும், அத்தனைக்கும் கேபிள் இழுப்பதும்தான் இதில் தலைவலி.

போன், ரௌட்டர் வாங்கும்போது...

3.5 கிகாஹெர்ட்ஸ் பேண்டில் போனுக்கு 4 ரிசீவ் ஆன்டெனா இருக்கவேண்டும் என்று சர்வதேசத் தரநிலையே சொல்கிறது. அதனால் '4 க்கு 4 மைமோ' என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் மயங்க வேண்டாம். அனுப்பும் ஆன்டெனா 1-ஆ, 2-ஆ என்று பார்ப்பது இன்னும் உபயோகம். வீடியோ அப்லோடு செய்பவர்களுக்கு அது முக்கியம்.

வைஃபை ரௌட்டரில் எட்டு கொம்பு முளைத்திருந்தாலும், உங்கள் போனில் இரண்டுதான் என்றால் ஒரு போனுக்கு இரண்டு ஸ்ட்ரீம்தான். வீட்டில் ஒரே நேரத்தில் நாலைந்து பேர் வீடியோ பார்த்தால் மட்டும் அந்தக் கூடுதல் கொம்புகளுக்கு அர்த்தம் உண்டு. கொம்புகளை எல்லாம் ஒரே திசையில் நிமிர்த்தி வைக்காமல் ஒன்றிரண்டைச் சாய்த்து வையுங்கள். ரௌட்டரை இரும்பு பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தால் முதலில் அதை வெளியே எடுங்கள்.